மட்டாஞ்சேரியில் ஓர் உருளி

யூதத் தெருவின் அந்தப் பழம்பொருள் கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கூடத்தை அடைத்துக்கொண்டு ஒரு வார்ப்பு. கோயில்களிலும் கல்யாணங்களிலும் பாயசம் காய்ச்சுவதற்கு மலையாளிகள் வைத்திருக்கும் அகன்ற உலோகப் பாத்திரத்துக்கு அதுதான் பெயர். இந்த வார்ப்பில் பாயசம் கிண்டக் கரண்டி போதாது, படகுத் துடுப்புதான் வேண்டும். வடநாட்டிலிருந்து வந்திருந்த இளம் தம்பதி ஒன்று அதன் விளிம்பில் கை வைத்து மாறி மாறி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

நான் போட்டோ எடுக்க வரவில்லை. என் பிரச்னை சிறியது. அதற்கு ஒரு பக்கா எடை கூட இராது. மகள் பெங்களூரிலிருந்து போன் செய்திருந்தாள். குழந்தைக்கு ஆறு மாதம் முடிகிறது, சோறு ஊட்ட வேண்டும், பாட்டியின் வெண்கல உருளியையும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பையும் கொடுத்துவிடு என்றாள். "நான்-ஸ்டிக் எல்லாம் விஷம்மா. பழசுதான் நல்லது. எல்லாரும் சொல்றாங்க." எல்லோரும் சொல்கிறார்கள் என்பது உண்மைதான். இருபது வருடங்களுக்கு முன் பரண் மேல் ஏற்றிய பித்தளையும் வெண்கலமும் மண்சட்டியும் இப்போது நகரங்களில் பகட்டான கடைகளில் பளபளக்கின்றன. எனக்குத்தான் சந்தேகம். வேறொரு வேலையாகக் கொச்சி போக வேண்டியிருந்தது. பாத்திரங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கும் ஊர் அது, கேட்டுப் பார்ப்போம் என்று சொம்பை ஒரு துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எர்ணாகுளத்திலிருந்து கோட்டைக் கொச்சிக்குப் படகில் வந்து, அங்கிருந்து ஆட்டோவில் பஜார் ரோடு வழியாக மட்டாஞ்சேரிக்கு வருவதுதான் அழகு. வழி நெடுக பழைய கிடங்குகள். அரிசி, வெங்காயம், மிளகு, சுக்கு. சில கதவுகள் திறந்திருக்கும். உள்ளேயிருந்து வரும் மணத்தை வைத்தே என்ன மூட்டை என்று சொல்லிவிடலாம். இந்த நாலைந்து தெருக்களுக்குள் கொங்கணியும் குஜராத்தியும் கச்சி மேமன்களும் தமிழர்களும் யூதர்களும் அடுத்தடுத்து உலை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சமையலறைக்கும் ஒரு சாத்திரம். எதை எதில் சமைக்கலாம், எதை எதில் சமைக்கக் கூடாது என்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

அதில் யூதர்கள் கண்டிப்புக்குப் பேர் போனவர்கள். 1568-ல் கட்டப்பட்ட பரதேசி சினகாக் இந்தத் தெருவின் முனையில் இருக்கிறது. தரையில் பதித்த நீலநிறச் சீன ஓடுகளையும், பெல்ஜியம் விளக்குகளையும் பார்க்கக் கூட்டம் வருகிறது. தொழுகைக்குத்தான் ஆளில்லை. 1948-க்குப் பிறகு குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கைத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019-ல் தொண்ணூற்றாறு வயதில் இறந்தார். சினகாகைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்ட குயினி ஹலேகுவா 2024-ல் போனார். ஆனால் அவர்களுடைய அடுக்களை ஒழுங்கை இந்தத் தெரு மறக்கவில்லை. மாமிசத்துக்கு ஒரு வரிசைப் பாத்திரம், பாலுக்கு ஒரு வரிசை. பஸ்கா பண்டிகைக்கு இரண்டும் உதவாது; அதற்கென்றே தனிப் பாத்திரங்கள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். பண்டிகைக்கு முன் கிணறு இறைத்துத் தேய்த்துக் கழுவப்படும். அரிசியை மணி மணியாகப் பொறுக்குவார்கள்.

அவர்கள் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. உலோகப் பாத்திரம் தீட்டுப்பட்டால் கொதிநீரில் முக்கியோ நெருப்பில் காட்டியோ சுத்தமாக்கலாம். மண்பாத்திரத்தைச் சுத்தமாக்கவே முடியாது; உடைத்துப் போட வேண்டியதுதான். மண் குடித்ததை விடாது. நம் வீட்டுப் பாட்டிகளும் அதையேதான் சொன்னார்கள். கிரகணம் முடிந்ததும் பழைய மண்பானையைத் தெருவில் போட்டு உடைத்த வீடுகள் தஞ்சாவூரிலும் இருந்தன. தீட்டு என்ற பேரில் சொன்னாலும் உள்ளே ஒரு சங்கதி இருக்கிறது. பாத்திரம் என்பது வெறும் ஏந்திக்கொள்ளும் பொருள் அல்ல. அது உணவிலிருந்து எடுத்துக்கொள்ளும். உணவுக்குக் கொடுக்கவும் செய்யும்.

என்ன கொடுக்கும் என்பதுதான் கேள்வி.

கடைக்காரர் காஷ்மீரி. யூதத் தெருவில் இன்று பாதிக் கடைகள் காஷ்மீரிகளுடையவை. நாலு மொழி பேசுகிறார். தமிழும் வியாபாரத்துக்குப் போதுமான அளவு வருகிறது. அடுக்கி வைத்திருந்த உருளிகளில் ஒன்றை எடுத்து விரல் கணுவால் தட்டினார். 'ணங்' என்று ஆரம்பித்த நாதம் அடங்க நேரமானது. "இது ஓடு, மேடம்." மலையாளத்தில் ஓடு என்றால் வெண்கலம். பக்கத்தில் இருந்ததைத் தட்டினார். தகரத்தைத் தட்டியது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். "இது பித்தளை. பார்க்க ஒரே மாதிரி. விலையும் ஒரே மாதிரி சொல்வேன், தெரியாதவங்க கேட்டா." சிரித்தார். இவ்வளவு நேர்மையான வியாபாரியை நான் பார்த்ததில்லை. அதனாலேயே கொஞ்சம் பயமாக இருந்தது.

இரண்டும் செம்பின் பிள்ளைகள்தான். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். கேரளத்தில் மான்னார், நடவரம்பு போன்ற ஊர்களில் வார்க்கும் ஓட்டில் செம்பு 78 பங்கு, வெள்ளீயம் 22 பங்கு என்பது பழைய கணக்கு. இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் உலோகம் மணி போல ஒலிக்கும். கீழே போட்டால் கண்ணாடி போல உடையும். வெண்கலக் கடையில் யானை புகுந்த கதை சும்மா வரவில்லை. புளிப்பையும் பித்தளையை விட நன்றாகத் தாங்கும். ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் 1900-ஐ ஒட்டி அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த மெல்லிய கிண்ணங்கள் இந்த ஜாதி வெண்கலம்தான். அதே வகைத் தொழில்நுட்பம் வட கேரளத்தின் பய்யங்காடியில் உயிரோடு இருந்ததை உலோகவியலாளர் சாரதா ஸ்ரீனிவாசன் தொண்ணூறுகளில் எடுத்துக் காட்டினார்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தக் கரையில் வெள்ளீயம் விளைவதில்லை. கப்பலில் வர வேண்டும். முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த 'எரித்திரியக் கடல் பயணக் குறிப்பு', மட்டாஞ்சேரிக்கு வடக்கே இருந்த முசிறித் துறைக்கு என்னென்ன இறங்கின என்று பட்டியல் போடுகிறது. காசு, பவளம், மதுவோடு செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றும் அதில் இருக்கின்றன. மிளகு கொடுத்து ஈயம் வாங்கியிருக்கிறோம்! பன்னிரண்டாம் நூற்றாண்டில் துனிசியாவிலிருந்து வந்து மங்களூரில் தங்கிய ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர் அங்கே உலோகப் பட்டறையே வைத்திருந்தார். ஏடன் நகரத்து நண்பர்கள் உடைந்த பாத்திரங்களைக் கப்பலில் அனுப்பி, இன்ன அளவில் இன்ன மாதிரி அடித்து அனுப்பு என்று கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்கள் கெய்ரோ சினகாகின் பழங்காகித அறையில் கிடைத்தன. அமிதவ் கோஷ் 1992-ல் எழுதிய 'இன் அன் ஆண்டிக் லேண்ட்' அவருடைய கதைதான். பாத்திரக்கடைக்கு ஓட்டைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும் வழக்கத்துக்குக் குறைந்தது எண்ணூறு வயது.

நானும் துண்டைப் பிரித்து என் சொம்பை எடுத்து வைத்தேன். காஷ்மீரி அதைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது.

"கனமா இருக்கே மேடம்?"

நல்ல சொம்பு கனமாக இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். கும்பகோணத்தில் எடை போட்டு வாங்கியது. மதிப்புக்குரிய விஷயம் என்றே நாற்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கேதான் தமிழ் நம்மைக் கவிழ்க்கிறது. ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்களை வைத்திருக்கிறோம். வெள்ளீயம் ஒன்று, காரீயம் ஒன்று. ஆங்கிலத்தில் டின், லெட். முன்னது ரசத்துக்கு மணம் கொடுப்பது, ஓரளவு சாது. பின்னது நரம்பைத் தின்னும் விஷம். மலையாளத்திலும் இதே குழப்பம்தான். ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டிய பாத்திரம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் சொம்பில் தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைக்கக் கூடாது என்று மருமகள்களுக்கு முதல் நாளே பாடம் நடத்தினார்கள். உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போல பத்து மடங்குக்கும் மேல். இரண்டும் எந்த விகிதத்திலும் சேர்ந்து உருகும். சேர்ந்த பிறகு கண்ணால் பிரித்தறிய முடியாது. கலப்படக்காரனுக்கு இதைவிட வசதியான ஜோடி வாய்க்காது.

பழைய பாத்திரக்காரர்களிடம் இரண்டு சோதனைகள் உண்டு. சுத்த வெள்ளீயக் கம்பியை வளைத்தால் 'கிறீச்' என்று ஒரு சத்தம் வரும். வெள்ளீயம் அழுகிறது என்பார்கள். சொம்பை வளைத்துப் பார்க்க முடியாது. இரண்டாவது, வெள்ளைக் காகிதத்தில் தேய்ப்பது. காரீயம் பென்சில் போலச் சாம்பல் கோடு போடும். காஷ்மீரி ரசீதுப் புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் சொம்பின் அடியை வைத்து அழுத்தி இழுத்தார்.

கோடு விழுந்தது.

"எங்க ஊரிலும் செம்புக்குக் கலாய் பூசறோம். அப்பா முதலில் இதைத்தான் பார்ப்பார்" என்றார். கோடு விழாவிட்டால் பத்திரம் என்று அர்த்தமில்லை. கொஞ்சமாகக் கலந்திருந்தால் காகிதம் காட்டாது. தங்க நகைக்கு முத்திரை போடும் மையங்களில் இருக்கும் எக்ஸ்-ரே இயந்திரம் போன்ற கருவிதான் சரியாகச் சொல்லும். ஆனால் கோடு விழுந்துவிட்டால் சந்தேகப்படக் காரணம் வந்துவிட்டது. நான் பாத்திரத்தைத் திரும்பத் துண்டில் சுற்றினேன். கை ஏனோ அதைப் பைக்குள் வைக்கத் தயங்கியது. அம்மாவின் சொம்பு. அதில் வைத்த ரசம் குடித்துத்தான் நான் வளர்ந்தேன், என் மகளும் வளர்ந்தாள்.

காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் காரீயத்தில் பெரியவர்கள் உறிஞ்சிக்கொள்வதைப் போல நாலைந்து மடங்கைக் குழந்தைகள் உறிஞ்சிவிடுகின்றன. காய்ச்சல் வராது, வாந்தி வராது. பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். யாரும் பாத்திரத்தைச் சந்தேகப்பட மாட்டார்கள். யுனிசெஃப் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்குக் காரீயம் இருப்பதாகக் கணக்கிட்டது. இந்தியாவின் பங்கு சுமார் 27 கோடி. பாட்டரி உருக்கும் பட்டறைகள், பெயின்ட், கலப்பட மஞ்சள்தூள் ஆகியவற்றோடு பாத்திரமும் அந்தக் குற்றவாளிப் பட்டியலில் உண்டு. மிளகு வாங்க முசிறிக்கு வந்த ரோமானியர்களே இதில் நமக்கு முன்னோடிகள். திராட்சைச் சாறைக் காரீயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சினால் தித்திப்பு கூடுகிறது என்று அவர்கள் ஆசிரியர்கள் சிபாரிசு செய்தார்கள். தித்தித்தது சாறு அல்ல, காரீய உப்பு.

பழசுதான் ஆபத்து, புதுசு பரவாயில்லை என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது. இந்தியாவில் செய்து அங்கே விற்கப்பட்ட இண்டாலியம் பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் இறங்குகிறது, வாங்காதீர்கள் என்று. நம் வீடுகளில் குழம்புக்கும் பொரியலுக்கும் புழங்கும் அதே இண்டாலியம். அலுமினியம் அல்சைமர் நோயைக் கொண்டுவரும் என்ற பயம் நிரூபிக்கப்படவில்லை. உண்மையான வில்லன், கண்ட பழைய உலோகத்தையும் சேர்த்து உருக்கும் பட்டறை. 2024 மார்ச்சில் எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. நல்லதுதான். தராசில் எடை போட்டு விற்கும் உருளிக்கு யார் முத்திரை குத்துவார்கள்?

மதியம் பிரியாணி சாப்பிட்டேன். மட்டாஞ்சேரிக்கு வந்து பிரியாணி சாப்பிடாமல் போவது பழனிக்குப் போய்ப் பஞ்சாமிர்தம் வாங்காமல் வருவது போல. இங்கே கல்யாணப் பிரியாணி வைக்கும் பெரிய செப்புப் பாத்திரத்துக்கே செம்பு என்றுதான் பேர். நமக்கு அது தண்ணீர் குடிக்கும் சொம்பு. அவர்களுக்கு நூறு பேர் சாப்பிடும் அண்டா. கறியும் தயிரும் எலுமிச்சையும் வேகிற பாத்திரம் என்பதால் உள்ளே வெள்ளீயம் பூசியே தீர வேண்டும். பூச்சு தேய்ந்து சிவப்பு தெரிந்தால் சமையல்காரர் தொட மாட்டார்.

தொடாததற்குக் காரணம் உண்டு. செம்பிலும் பித்தளையிலும் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். ஆன்மாவைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான். நம் தத்துவமே அடுக்களையில் பிறந்தது போலிருக்கிறது. ஆனால் உவமையோடு போகவில்லை. கைக்குழந்தைகளுக்கு வயிறு வீங்கி, ஈரல் கல்லாகி, சில மாதங்களில் உயிரைக் குடித்த ஒரு நோயை இந்தியா முழுவதும் மருத்துவர்கள் ஒரு நூற்றாண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் பக்கம் ஈரல் குலைக்கட்டி என்பார்கள். ஜம்மி மருந்து விளம்பரங்களைப் பழைய பத்திரிகைகளில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் புனே மருத்துவர்களும் பிரிட்டிஷ் மருத்துவர் டேனரும் அந்தக் குழந்தைகளின் ஈரலில் அளவுக்கு மீறிய செம்பைக் கண்டார்கள். எங்கிருந்து வந்தது? பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி, அதிலேயே வைத்திருந்து புகட்டிய பாலிலிருந்து. அப்படிப் பால் குடித்த எல்லாக் குழந்தைக்கும் வரவில்லை. பரம்பரைக் கூறும் இருக்கலாம் என்பார்கள். பால் காய்ச்சும் பாத்திரம் எவர்சில்வராகவும் அலுமினியமாகவும் மாறியதும் நோய் வேகமாக மறைந்தது. இன்றைய இளம் மருத்துவர்களில் பலர் அதைப் பார்த்ததே இல்லை.

குழந்தைக்குப் பித்தளைப் பாத்திரத்தில் பால் காய்ச்சிக் கொடுப்பது பாரம்பரியம் என்று இன்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. பாரம்பரியம் என்பது பித்தளை மட்டுமல்ல. அதன் உள்ளே பூசிய வெள்ளீயமும் சேர்ந்ததுதான். 1955-ன் உணவுக் கலப்படத் தடை விதிகளே ஈயம் பூசாத செம்பு, பித்தளைக் கலத்தில் உணவு வைக்கக் கூடாது என்றன. 'பாத்திரத்துக்கு ஈயம் பூசறதேய்...' என்று தெருவில் குரல் வந்தால் கொல்லைப்புறத்திலிருந்து பாத்திரங்களை அள்ளிக்கொண்டு ஓடிய காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தக் குரல் போய்விட்டது. பாத்திரம் மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

குரல் முழுவதுமாகப் போகவில்லை. விசாரித்துப் போனதில் ஒரு சந்துக்குள், பழைய இரும்புக் கடைக்குப் பக்கத்தில் ஒருவர் அகப்பட்டார். திருநெல்வேலிக்காரர், அப்பா காலத்தில் வந்தவர்கள். தமிழ் கேட்டதும், "வாங்கம்மா, எந்த ஊரு?" என்றார். நான் அண்ணாச்சி என்று ஆரம்பித்ததும் ஸ்டூலைத் தட்டிப் போட்டார். தரையில் குழி வெட்டிக் கரி அடுப்பு. ஒரு காலத்தில் தோல் துருத்தி. இப்போது கையால் சுற்றும் ஊதி. ஒரு பித்தளை அண்டா காய்ந்துகொண்டிருந்தது. மணலும் சாம்பலும் போட்டுக் காலால் சுழன்று சுழன்று தேய்த்து முடித்த பாத்திரம். சூடு ஏறியதும் நவச்சாரத் தூளைத் தூவினார். வெண்புகை குப்பென்று எழுந்து மூக்கை அறுத்தது. ஈயக் கட்டியால் இரண்டு இழுப்பு இழுத்துப் பஞ்சால் ஒரு வட்டம் போட்டார். மஞ்சள் பாத்திரத்துக்குள் நிலா விரிந்தது. தண்ணீரில் முக்கியபோது எழுந்த 'சுர்' சத்தம் என் ஏழு வயதிலிருந்து வந்தது.

"என்ன ஈயம் அண்ணாச்சி இது?" என்று கேட்டேன். கேட்கக் கூடாததைக் கேட்டது போல அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வெள்ளீயம் நீங்க வாங்கிட்டு வந்து குடுத்தா அதைப் பூசுவேம்மா. நான் வாங்குறது கடைக்காரன் குடுக்கறது. அவன் சுத்தம்னுதான் சொல்லுவான். முன்னல்லாம் வீட்டம்மாமார் ஈயத்தை முந்தானைல முடிஞ்சிட்டு வந்து, கண்ணு முன்னால பூசச் சொல்லி, மிச்சத்தையும் வாங்கிட்டுப் போவாங்க. இப்ப யாரும்மா உக்காந்து பாக்கா? போன்ல போட்டோ அனுப்புங்கறாங்க."

சொம்பைக் காட்டினேன். கையில் வாங்கியதும் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பழனி பஞ்சாமிர்தம் வைக்கக் கூட இது வேண்டாம்."

காஷ்மீரி சொன்ன 'கலாய்' என்ற சொல்லை அவரும் சொன்னார். அரபியில் வெள்ளீயத்துக்குக் கலயீ என்று பேர். மலாய்க் கரையில் இருந்த கலா என்ற துறைமுகத்திலிருந்து வந்ததால் அந்தப் பெயர் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அந்தக் கலாவைக் கெடாவோடு, அதாவது நம்முடைய கடாரத்தோடு இணைப்பவர்களும் உண்டு. ராஜேந்திர சோழன் 1025-ல் படை கொண்டுபோன ஊர். கடாரம் கொண்டான் என்று பட்டம் சூட்டிக்கொண்டோம். ரசச் சொம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத்தான் முடியவில்லை.

சாயங்காலம் மார்க்கெட் பக்கம் போனபோது மண்சட்டிக் கடை. கொச்சியின் மீன்கறி மண்சட்டியில்தான் கொதிக்க வேண்டும் என்பதற்குச் சுவையை மட்டும் காரணம் சொல்வார்கள். குடம்புளியைக் கவனியுங்கள். அந்தப் புளிப்புக்குப் பித்தளையும் அலுமினியமும் தாங்காது. சட்டி மட்டும்தான் அசையாமல் நிற்கும். மறுநாள் வரை அதிலேயே வைத்துத் தின்கிற கறி வேறு. இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு பாத்திரக் கணக்கு இருக்கிறது. பாயசத்துக்கு ஓட்டுருளி. வறுவலுக்கு இரும்புச் சீனச்சட்டி. ஊறுகாய்க்குச் சீனபரணி. சீன வலை வீசும் ஊரில் வாணலிக்கும் ஜாடிக்கும் கூடச் சீனாவின் பேர்தான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, புளிப்பான சட்னியையும் சாம்பாரையும் அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத செம்பு, பித்தளையில் வைக்காதீர்கள் என்று சொல்லி, மண்பாத்திரத்தைப் பத்திரமானதாகக் குறிப்பிட்டது. மட்டாஞ்சேரி மீன்காரிக்கு அந்த வழிகாட்டி தேவைப்பட்டிராது. பளபளவென்று வண்ண மெருகு ஏற்றிய மண்பாண்டம் மட்டும் சமையலுக்கு ஆகாது. மெருகில் காரீயம் இருக்கலாம். மெருகில்லாத சாதாரணச் சட்டியே போதும்.

நான்-ஸ்டிக்கைப் பற்றி மகள் சொன்னதில் பாதி சரி. அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதைய ஆரம்பிக்கும். வெறும் தவாவை அடுப்பில் வைத்துவிட்டு டி.வி. பார்க்கப் போனால் அந்த அளவைத் தொடுவது கஷ்டமில்லை. அந்தப் புகைக்குக் கூண்டுக் கிளிகள் செத்திருக்கின்றன. அதன் தயாரிப்பில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனத்தை 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை தடைப் பட்டியலில் சேர்த்தது. சின்னத் தீயில், கீறாமல் புழங்கினால் பெரிய கேடில்லை. என் ஈயச் சொம்போடு ஒப்பிட்டால் அது பரம சாது என்பதுதான் அன்றைக்கு எனக்கு உறைத்தது.

சட்டிக்கடைச் சேச்சி நாலைந்தைத் தட்டிப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். விரிசல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். வெண்கலத்துக்குள்ள அதே பரீட்சை. எங்கே செய்தது என்று கேட்டேன். "தமிழ்நாட்டிலிருந்நு வருந்நதாணு சேச்சி!" என்று சிரித்தார். முன்னூறு கிலோமீட்டர் வந்து நம் ஊர் மண்ணையே வாங்கியிருக்கிறேன்.

காஷ்மீரியிடமும் திரும்பிப் போனேன். ஓட்டுருளியின் மேல் ஆசை விடவில்லை. அவர் அதைக் கவிழ்த்து, அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு இருந்த சாம்பல்நிறத் திட்டைக் காட்டினார். எப்போதோ விழுந்த ஓட்டையை யாரோ பற்ற வைத்து அடைத்திருக்கிறார்கள். பற்றாசு என்றால் பாதிக்குப் பாதி காரீயம்தான். "பூ போட்டு வாசலில் வையுங்க. அரளி, தாமரை. ஓட்டல்காரங்க எல்லாம் அதுக்குத்தான் வாங்கறாங்க" என்றார். விலையைக் குறைக்கவும் தயாராக இருந்தார். ஒட்டுப் போடாத புது உருளி வேண்டுமென்றால் மான்னாருக்கே போய், வார்ப்பவரிடம் எதிரில் நின்று வாங்குங்கள் என்று வழியும் சொன்னார். அடுத்த முறை போக வேண்டும்.

வீட்டுக்கு வந்து மூன்று நாளாகப் புதுச் சட்டியில் அரிசிக் கஞ்சித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. மண்வாசனை போக இன்னும் ஒருநாள் ஆகும். பேத்திக்கு எவர்சில்வர் கிண்ணமே போதும் என்று சொல்லிவிட்டேன். மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ பாட்டி சொம்பு?"

"பரண் மேல வெச்சிருக்கேன்."

"தூக்கிப் போடலையா?"

பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டால் அவன் அதை உருக்குவான். உருக்கினால் வேறொரு வீட்டுக்குச் சொம்பாகப் போகும். அதை அவளிடம் சொன்னேன். ரசம் அம்மா வைத்தது போல் வராது என்றும் சொன்னேன். பெருங்காயத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுப் பார் என்றாள்.